உத்திரமேரூருக்குப் போய் வந்த பிறகு

நேற்று என் மகன் ஊரிலிருந்து திரும்பும்போது பெருங்களத்தூரில் இறங்கி, சாலையோரம் விற்ற பதநீரை ஒரு பாட்டிலில் வாங்கி வந்தான். சமையல் மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். நானும் மறந்துவிட்டேன். மத்தியான வெயிலில் அது பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது. துடைக்கக் குனிந்தேன். புளித்த வாசனை மூக்கில் ஏறியதுமே துணியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் நீ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்று மகன் ஓடி வந்தான்.

"ஒண்ணுமில்லப்பா, முட்டி வலி" என்றேன். உன் விஷயத்தில் நான் சொன்ன பொய்களில் இது எத்தனையாவதோ.

தாம்பரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்தோம். நான் சரித்திரம், நீ தமிழ். கல்யாணத்துக்கு முன்னால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக்கு வருவாய். மதுவிலக்கு இருந்த காலம்தான். ஆனாலும் என் அம்மா பீங்கான் ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் போட்டு, வாயைத் துணியால் கட்டி, சமையலறை மூலையில் வைத்திருப்பாள். கேக்கோடு ஆளுக்கு அரை டம்ளர் ஒயின். அந்த அரை டம்ளரை நீ அரை மணி நேரம் உறிஞ்சுவாய். "கோயிலுக்குப் போற பொண்ணை இப்படிக் கெடுக்கறீங்களே ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொள்வாய்.

பிறகு உனக்குக் கல்யாணமாகி ராஜகீழ்ப்பாக்கம் போனாய். உன் கணவர் குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நல்லவர். உன்னைச் சைக்கிளில் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுவந்து விடுவார். எனக்கும் கல்யாணமாயிற்று. எழுபதுகளின் தொடக்கத்தில் கள்ளுக்கடையையும் சாராயக்கடையையும் திறந்தார்கள். உன் கணவர் முதல் வாரம் வேடிக்கை பார்க்கப் போனார். இரண்டாவது மாதம் சைக்கிள் நின்றது. நீ பஸ்ஸில் வர ஆரம்பித்தாய். முழங்கைவரை மூடிய ரவிக்கை போட ஆரம்பித்தாய். நான் எதையும் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாசி மாதம் தலைமையாசிரியை நம்மைக் கூப்பிட்டார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை உத்திரமேரூருக்குக் கூட்டிப்போக வேண்டும், சோழர் காலத்துக் கல்வெட்டைக் காட்ட வேண்டும், முதலில் நீங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். ஒரு சனிக்கிழமை விடியற்காலை செங்கல்பட்டு பஸ் பிடித்தோம். அங்கிருந்து இன்னொரு பஸ். வழியெல்லாம் நீ பேசிக்கொண்டே வந்தாய். ஜன்னலோரம் உட்கார்ந்து ஏரிகளை எண்ணினாய். அவ்வளவு நாள் கழித்து உன் சிரிப்பைக் கேட்டேன்.

கோயிலில் காவலுக்கு இருந்த பெரியவர் நம்மை மண்டபத்தின் நாலு பக்கமும் சுற்றிக் காட்டினார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்து சுவர் முழுக்க எறும்பு வரிசை போல ஓடியது. அவருக்கு எல்லாம் மனப்பாடம். ஊர்ச் சபைக்கு ஆள் எடுப்பதென்றால் ஓலையில் பேரெழுதிக் குடத்தில் போடுவார்களாம். பேரெழுத வேண்டுமானால் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், நடத்தை சுத்தமாக இருக்க வேண்டும்.

"குடிக்கிறவங்க பேரை எழுதுவாங்களா?" என்று கேட்டாய்.

"அது மகாபாவமாச்சேம்மா. பண்ணவன் பேரு குடத்துக்குள்ளயே போவாது."

"பொம்பளைங்க பேரு?"

பெரியவர் சிரித்தார். "அந்தக் காலத்துல ஏதும்மா அதெல்லாம்?"

நீ சுவரில் ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்து வளைவுகளைத் தடவினாய். "சொந்த வீடும் இல்ல, குடத்துல பேரும் இல்ல" என்று மெதுவாகச் சொன்னாய். கல்வெட்டைப் பற்றிச் சொல்கிறாய் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அங்கிருந்து திருப்புலிவனம் இரண்டு மைல்தான், அங்கேயும் பழைய கோயில் இருக்கிறது என்றார் அந்தப் பெரியவர். நடந்தே போனோம். வயல்களைத் தாண்டி ஒரு பனந்தோப்பு வந்தது. மரத்தடியில் ஒரு பெண் பானைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் உச்சியில் பாளை சீவிக்கொண்டிருந்தான். நான் பதநீர் கிடைக்குமா என்று கேட்டேன். நீ என்னை முந்திக்கொண்டாய்.

"பதநீ மட்டும் இல்லம்மா. கள்ளும் வேணும்."

அந்தப் பெண் நம் குடையையும் கைப்பையையும் பார்த்தாள். "இன்னாம்மா சொல்றீங்க? பாத்தா டீச்சருங்க மாரி கீறீங்க."

"டீச்சருங்கதான். அது என்ன ருசின்னு எனக்குத் தெரியணும்."

நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீ அசையவில்லை. அந்தப் பெண் உன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் அவள் எதைப் படித்தாளோ, ஒன்றும் கேட்காமல் பச்சைப் பனையோலையைக் கிழித்து மடித்துப் பட்டை செய்தாள். முதலில் சுண்ணாம்பு தடவிய பானையிலிருந்து பதநீர். அடுத்தது காலையில் இறக்கிய கள். மூன்றாவது முந்தின நாள் கள், வாயருகே கொண்டுபோகும்போதே கண் எரிந்தது. நான் பதநீரோடு நிறுத்திக்கொண்டேன். நீ மூன்றையும் குடித்தாய். பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடு, ஒவ்வொரு மடக்கையும் வாயில் நிறுத்தி நிறுத்தி.

"கசக்கும்னு நெனச்சேன்டி" என்றாய். "கசந்தா வெறுத்துட்டுப் போயிடலாம்னு இருந்தேன். நடுவுல குடிச்சது எவ்ளோ இனிப்பா இருக்கு தெரியுமா? அதான் பயமா இருக்கு."

"உங்க வீட்டுக்காரர் குடிப்பாரா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாய்.

"ஏர்றவன் குடிச்சா எறங்கி வரமாட்டான், வுழுந்துதான் வருவான். எங்க வூட்ல தொடமாட்டாரு. இறக்கறதெல்லாம் கடைக்குப் போவுது. அங்க எவன் குடிக்கிறானோ, எவ அழுவுறாளோ."

நீ நம் புளிசாதப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்தாய். அவள் வாங்கிக்கொண்டு பானைகளை எடுத்துப் போனாள்.

நாம் மரத்தடியிலேயே உட்கார்ந்தோம். உனக்கு முகம் சிவந்திருந்தது. நாக்கு கொஞ்சம் குழறியது. அப்போதுதான் சொன்னாய். மூன்று மாதம் தள்ளிப்போயிருந்ததாம். தை மாதம் அவர் தள்ளிவிட்டதில் அம்மிக்கல்லில் விழுந்தாயாம். "போயிடுச்சு" என்றாய். அந்த வாரம் நீ ஜுரம் என்று விடுப்பு எடுத்திருந்தாய். உன் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று நான் அலுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

"ஒரு நாள் நான் பையோட உன் வீட்டுக்கு வந்தா, கதவைத் தொறப்பியா? நாலு நாள் போதும். வேற எடம் பாத்துக்குவேன்."

உனக்கு அம்மா அப்பா இல்லை. அண்ணன் வீட்டில் சேர்க்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் என்ன சொன்னேன்? "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். பிறகு சிரித்தாய். "கேட்டுச் சொல்லு. அவசரமில்ல."

திருப்புலிவனம் கோயில் நடை சாத்தியிருந்தது. வெளிச்சுவர் எழுத்துகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். பஸ்ஸில் நீ என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். புளித்த வாசனை வந்தது. யாராவது கவனிக்கிறார்களோ என்றுதான் தாம்பரம்வரை என் கவலை இருந்தது. என் கணவரிடம் நான் கேட்கவே இல்லை. இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளித் தள்ளி, நீயே மறந்திருப்பாய் என்று முடிவுகட்டினேன். பிள்ளைகளை அந்த ஊருக்குக் கூட்டிப்போனபோதும் நீ வரவில்லை.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்திருந்தோம். அவர் கூடத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். வாசல் கேட் அருகே நீ நின்றாய். கையில் துணிப்பை. ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். உன் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"யாரு?" என்றார் அவர். எட்டிப் பார்த்தார். "அந்தக் குடிகாரன் பொண்டாட்டியா? பின்னாலயே அவன் வந்து தெருவுல நின்னு கத்துவான். மானம் போயிடும். வீட்ல யாருமில்லன்னு நெனச்சுப் போகட்டும்."

நீ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாய். அவர் கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினார். வீடு முழுக்க மூச்சடங்கியது. இன்னொரு முறை கூப்பிட்டாய். சத்தம் போடவில்லை, வகுப்பில் வருகைப் பதிவேடு படிப்பது போலத்தான் கூப்பிட்டாய். நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது தடவை நீ கூப்பிடவில்லை. பையைத் தோளில் மாற்றிக்கொண்டு போய்விட்டாய்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாய். மாடிப்படியில் கேட்டாய்: "நேத்து எங்க போயிருந்தே?"

"பல்லாவரத்துக்கு. சித்தப்பா வீட்டுக்கு."

"அப்படியா? ரேடியோ பாடிக்கிட்டிருந்துது. நான் கூப்பிட்டதும் நின்னுடுச்சு." உன் குரலில் கோபம் இல்லை. "பெல் அடிச்சிட்டாங்க, வா."

அந்த ஞாயிறு சாயங்காலம்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கே திரும்பினாய் என்று பள்ளிக்கூட ஆயாதான் பிறகு சொன்னாள். திரும்பிப் போன வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மாதம் நீ கரும்பலகையில் இடது கையால் எழுதினாய்.

ஆடி முடிவதற்குள் திண்டிவனம் பக்கம் பெண்கள் விடுதி ஒன்றில் வேலை தேடிக்கொண்டு தனியாகப் போனாய். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கடைகளை மறுபடி மூடினார்கள். உன் கணவர் குடியை மூடவில்லை. இரண்டு வருடத்தில் இறந்தார். நீ வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போனாய். என் தெருப்பக்கம் வரவில்லை.

எழுபதுகளின் கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு உன் விடுதிக்கு வந்தேன். நீ காபி கலந்து கொடுத்தாய். பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ தட்டினார்கள். நீ பேச்சை அப்படியே விட்டுவிட்டு ஓடினாய். கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாய்.

"தெரிஞ்சவங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. உள்ள வந்தாச்சே, இனிமே கேட்டுக்கலாம்."

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தேன்.

"காபி ஆறிடும், குடி" என்றாய். அவ்வளவுதான். மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பஸ் ஏற்றிவிடும்போது, "உங்க அம்மா ஒயின் மாதிரி யாரும் போடறதில்லடி" என்றாய்.

போன வருடம் உன் விடுதியில் வளர்ந்த ஒரு பெண் கடிதம் எழுதியிருந்தாள். நீ தூக்கத்திலேயே போய்விட்டாயாம். என்னைப் பற்றி நல்லவிதமாகவே சொல்வாயாம். அந்த வரியை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

என் கணவரும் போய்விட்டார். மத்தியானங்களில் வீடு அமைதியாக இருக்கும்போது சில நாள் என் பேரை யாரோ கூப்பிடுவது கேட்கிறது. இரண்டு தடவை. எழுந்து போய்க் கதவைத் திறக்கிறேன். வெயில்தான் நிற்கிறது.

அவர்தான் தடுத்தார் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை. நீ மூன்றாவது தடவை கூப்பிட்டிருந்தால் ஓடிவந்து திறந்திருப்பேன் என்றும் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நான் திறந்திருக்க மாட்டேன். உனக்கு அது இரண்டாவது தடவையிலேயே தெரிந்துவிட்டது.