பிரவீனாவின் ஓவனும் பதினான்கு வீட்டுக் கரண்டும்

மார்ச் 4
இன்றும் மாலை ஏழு மணிக்குக் கரண்டு போனது. யோங் பெங் டவுனைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் எங்கள் பதினான்கு வீடுகளுக்கும் சோலார் தகடுகளும் ஒரே பேட்டரியும்தான். யாருக்கு எப்போது எவ்வளவு என்று பங்கிடும் வேலை என் தலையில். சீரியல் பாதியில் நின்றதும் ராஜம்மா அக்கா வாசலில் வந்து நின்று, "மதிவாணா, நீ எதுக்குடா இருக்க?" என்றார். நான் என்ன செய்வேன்? எல்லாம் புதிதாகக் குடிவந்து, ஆர்டருக்குக் கேக் சுடும் பிரவீனாவின் ஓவன்.

மார்ச் 5
ஓவனை நிறுத்தச் சொல்லப் போனேன். "சூடா இருக்கு, சாப்பிட்டுப் பாருங்க" என்றார். இரண்டு துண்டு தின்றுவிட்டுத் திரும்பினேன். வந்த விஷயத்தைச் சொல்லவே இல்லை.

மார்ச் 8
கூட்டம். "அவங்க வீட்டு லைனைக் கழட்டு லா!" என்றார் ஜெயபாலன். போன மாதம் ஏர்கான் மாட்டிய மனிதர் பேசுகிற பேச்சைப் பார்! பிரவீனா எழுந்தார். "கழட்டுங்க. நான் முன்ன இருந்த ஸ்கூடாய்க்கே போயிடுறேன்."
போய்விடுவாரோ?

மார்ச் 9
இன்று மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பகலில் பேட்டரி நிரம்பிவிடுகிறது. அதற்கு மேல் அடிக்கும் வெயிலெல்லாம் வீண். அந்த நேரத்தில் ஓவன் ஓடினால் யாருக்கும் குறையாதே! ஓடிப்போய்ச் சொன்னேன்.
"பகல்ல நான் ஃபேக்டரில இருக்கேன். யார் சுடுவா?"
"நான்" என்றேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 12
கருகிவிட்டது.

மார்ச் 13
மேலே கரி, நடுவில் கூழ். ராஜம்மா அக்கா, "இது கேக்கா, களியா?" என்று கேட்டுக்கொண்டே முழுவதையும் தின்றார்.

மார்ச் 21
காலையிலிருந்து மழை. பேட்டரி பாதிகூட ஏறவில்லை, கேக்கோ பாதி வெந்திருக்கிறது. ஜெயபாலனிடம் ஓடி, ஏர்கானை நிறுத்தச் சொன்னேன்.
"ஒரு கேக்குக்காகவா? போடா!"
"அண்ணே, அது உங்க மக லோஷினி பொறந்தநாள் கேக்கு."
"அலமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.
ஏர்கானை அணைத்ததோடு நிற்கவில்லை மனிதர். குடையோடு வீடு வீடாகப் போய் எல்லார் ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டு வந்தார். கேக் பொங்கி நின்றது. வேலை முடிந்து வந்த பிரவீனா என் கையைப் பிடித்துக் குலுக்கினார், பிறகு விட மறந்துவிட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஜூன் 2
பங்கிடும் வேலையை ஜெயபாலனே கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கும் நேரமில்லை, ஆர்டர் அதிகம்.
சிகாமட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்து, ஞாயிறு வர்றேன், எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சமைங்க என்றேன்.
"கூட யாருடா?"
பக்கத்தில் மாவு கலக்கிக்கொண்டிருந்தவள் போனைப் பிடுங்கினாள்.
"உங்க மருமகதான், அத்தை."