இரண்டு திருகில் நின்ற மூடி

அம்பத்தூர்,
9 ஜூலை 2024

அன்புள்ள தினாவுக்கு,

ஃபெலிக்ஸ் எழுதுகிறேன். நீ போனை எடுக்கவில்லை, நம் 'ஞாயிறு மரவேலை' வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டாய். உன் வேப்பம்பட்டு விலாசம் மட்டும் கையில் இருக்கிறது. பேனா பிடித்துக் கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிறது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சௌம்யா எப்படி இருக்கிறாள்? அதை மட்டுமாவது சொல். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ரேணுகா வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "இன்னாத்த பாக்க வந்தீங்க? நீங்க குட்த்த மிஷினு நல்லா வெட்டுதானு பாக்கவா?" என்று கேட்டாள். வீட்டிலிருந்து ஜெயசீலி கொடுத்தனுப்பிய இட்லியை அங்கே பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உன் மனைவி கேட்டதில் தப்பில்லை. பெற்றவள் கேட்கத்தான் செய்வாள்.

நடந்ததைத் திருவேற்காட்டு விஜிதான் சொன்னான். கல்லூரிக்குக் கொண்டுபோக, பல் மாதிரிகளை அடுக்கி வைக்க ஒரு தட்டு செய்துகொண்டிருந்தாளாமே. சின்னக் கட்டை, அதைத் தள்ளும்போது விரல் பிளேடில் போய்விட்டது என்றான். வலது கை என்றதும் எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. பல் டாக்டருக்குப் படிக்கிற பெண்ணின் வலது கை.

அந்த மேசை ரம்பத்தைப் பொங்கலுக்கு உனக்கு நான்தான் செய்துகொடுத்தேன். கையில் பிடிக்கிற மின்சார ரம்பத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பலகைக்கு அடியில் மாட்டினேன். பிளேடுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டேன். அந்த மூடியை இரண்டே இரண்டு திருகில் நிறுத்தினேன். நான்கு போட்டிருக்க வேண்டும். அன்றைக்குக் கையில் இரண்டுதான் இருந்தது, கடைக்குப் போகச் சோம்பல். இதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

மூடி கழன்று விழுந்ததா தினா? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்,
ஃபெலிக்ஸ்

---

அம்பத்தூர்,
21 ஜூலை 2024

அன்புள்ள தினாவுக்கு,

முதல் கடிதம் வந்து சேர்ந்திருக்கும். பதில் இல்லை. நான் கோபப்படவில்லை.

இன்று ஞாயிறு. எட்டு வருடமாக ஞாயிறு என்றால் நீ ஒன்பதே காலுக்கு இங்கே என் பட்டறையில் வந்து நிற்பாய். பாடியில் கழிவுப் பலகை விற்கிற கடையில் ஒரே தேக்குத் துண்டுக்கு நீயும் நானும் சண்டை போட்டோமே, அந்த முதல் நாளிலிருந்து. இன்று எட்டுப் பேர் வந்திருந்தார்கள். யாரும் வேலை செய்யவில்லை. ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். நான்தான் காரணம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். விஜி மட்டும், "அண்ணாத்தே, நீயே தலைல தூக்கி வச்சிக்காத. இன்னா ஆச்சுன்னு முழுசா தெரியாது" என்றான்.

குழுவில் செய்தியைப் போட்டபோது நாற்பத்தாறு பேரும் கைகூப்பினார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஒருவர் தான் செய்த ஊஞ்சல் நாற்காலியின் படத்தைப் போட்டார். கீழே இதயம் இதயமாக வந்து விழுந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. நானும் வேறொரு நாளில் அப்படித்தான் இருந்திருப்பேன்.

சௌம்யாவின் கை எப்படி இருக்கிறது? ஒரு வரி போதும்.

உன்,
ஃபெலிக்ஸ்

---

வேப்பம்பட்டு,
26 ஜூலை 2024

ஃபெலிக்ஸுக்கு,

இரண்டாவது அறுவை சிகிச்சையும் முடிந்துவிட்டது. ஆள்காட்டி விரலைக் காப்பாற்ற முடியவில்லை. நடுக்கணு வரை எடுத்துவிட்டார்கள். நடுவிரல் இருக்கிறது, மடங்கவில்லை. கல்லூரியில் கொஞ்ச நாள் போகட்டும், பிறகு பேசலாம் என்கிறார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில்: விபத்து நடந்தபோது பிளேடின் மேல் மூடி இல்லை.

இனி எழுத வேண்டாம். தபால்காரர் வந்தாலே ரேணுகா அழுகிறாள்.

தினகரன்

---

அம்பத்தூர்,
8 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தினாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். ரேணுகா கண்ணில் படாமல் இருக்க, உறையின் மேல் அனுப்புநராக விஜியின் பெயரைப் போட்டிருக்கிறேன்.

மூடி இல்லை என்று நீ எழுதியதைப் படித்ததும் ஒரு காரியம் செய்தேன். என்னுடைய மேசையிலும் அதே மாதிரி ஒரு மூடி, அதே இரண்டு திருகு. தினமும் வேலையிலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம் மோட்டாரைச் சும்மா ஓடவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தேன். ஏழு நாள். மேசையை உதைத்துப் பார்த்தேன். கட்டையால் தட்டிப் பார்த்தேன். திருகு ஒரு மயிரிழைகூட இளகவில்லை. கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக உதிரி பாகங்களைச் சோதித்துப் பார்ப்பதுதானே என் தொழில், அதே பழக்கம். எட்டாவது நாள் ஜெயசீலி வந்து ஸ்விட்சை அணைத்தாள். "போதும்ங்க. இது உழுந்தா மட்டும் அந்தப் பொண்ணுக்கு விரல் வந்துடுமா?" என்றாள்.

என்னுடையதில் விழவில்லை, உன்னுடையதில் விழுந்திருக்கிறது. எங்கே தப்பு செய்தேன் என்றே தெரியாமல் ஒரு தப்புக்குக் காரணமாக இருப்பது மிகவும் கொடுமை தினா.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். ரம்பம், துளைக்கருவி, கடைசல் எந்திரம் எல்லாம் போய்விட்டன. சுவரில் மாட்டியிருந்த உளிகளைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. ஞாயிறு கூடுவதும் இனி இல்லை என்று குழுவில் எழுதிவிட்டேன். அந்த அறையில் ஜெயசீலி இப்போது துணி காயப்போடுகிறாள்.

சௌம்யாவுக்காகத் தினமும் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன்,
ஃபெலிக்ஸ்

---

வேப்பம்பட்டு,
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஃபெலிக்ஸ்,

நேற்று விஜி வந்திருந்தான். உன் பட்டறையில் புடவை காய்கிறது என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டான். நீ ஏழு நாள் மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்ததை எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை ஒரு வாரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

மூடி கழன்று விழவில்லை. நான் கழற்றினேன்.

ஜூன் முதல் வாரம் குழுவுக்கு ஒரு வீடியோ போட்டேனே, வேங்கைப் பலகையில் தாள் மாதிரி மெல்லிசாகச் சீவல் எடுப்பது. மூடி இருந்தால் வெட்டு சரியாகத் தெரியவில்லை. கேமராவில் பளபளவென்று வெளிச்சம் அடித்தது. அதனால் இரண்டு திருகையும் எடுத்துவிட்டு மூடியை பிரிட்ஜ் மேல் வைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். அந்த வாரம் முழுக்கப் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திரும்பப் போட ஐந்து நிமிடம் போதும். மூன்று வாரம் அது பிரிட்ஜ் மேலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. ஜூன் முப்பது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் காய்கறி வாங்கப் போயிருந்தபோது அவள் மோட்டாரைப் போட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன், அதை பிரிட்ஜ் மேலிருந்து எடுத்து பீரோவுக்குள் துணிக்கு அடியில் வைத்தேன்.  கை தானாகச் செய்தது.

அதற்குள் உன் கடிதம் வந்தது. நீயே பழியை எடுத்துக்கொண்டு நின்றாய். "மூடி இல்லை" என்று எழுதினேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரேணுகா தினமும் சாப்பாட்டு நேரத்தில் உன்னைச் சபிக்கிறாள். "அந்த ஆளு ஊடு வெளங்குமா?" என்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறேன். சௌம்யாவும் தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சாயங்காலம் இடது கையால் எழுதிப் பழகுகிறாள். நோட்டு நகராமல் நான் பிடித்துக்கொள்கிறேன். நேற்று ஒரு பக்கம் முழுக்க அவள் பெயரையே எழுதினாள். 'சௌ' மட்டும் சரியாக வரவில்லை. "விடுப்பா, பரவால்ல" என்று என்னைத் தேற்றுகிறாள்.

அவளிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் காலையில் நினைக்கிறேன். வாயைத் திறந்தால் வேறு ஏதோ வருகிறது. ஸ்டேஷனில் என்ன கூட்டம் என்கிறேன், மோர் குடிக்கிறாயா என்கிறேன். இதைத் தெரிந்துகொண்டு அவள் என்னைப் பார்க்கும் அந்த ஒரு பார்வையை என்னால் தாங்க முடியாது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், அவளிடம் சொல்லிவிடாதே. ரேணுகாவிடமும். என்னை மன்னி என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. பட்டறையை மட்டும் திரும்பத் திற.

தினகரன்

---

அம்பத்தூர்,
9 செப்டம்பர் 2024

அன்புள்ள தினாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, நிம்மதி. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒரு பெண்ணின் விரல் போயிருக்கிறது, நான் அப்பாடா என்கிறேன். அதற்காக வெட்கப்பட்டு முடிப்பதற்குள் கோபம் வந்தது. ஏழு வாரம் தினா. ஏழு வாரம் என்னை அப்படியே விட்டுவைத்தாய். மூன்று நாள் உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன்.

அப்புறம் உன் வீடியோவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மூடி இல்லாதது பளிச்சென்று தெரிகிறது. உன் விரல் பிளேடுக்கு எவ்வளவு கிட்டே போகிறது என்பதும் தெரிகிறது. அன்றைக்கு அதன் கீழே நான் என்ன எழுதியிருக்கிறேன் தெரியுமா? 'சீவல் அபாரம்' என்று. நாற்பத்தாறு பேரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. சோதனை போடுவதே தொழிலாக இருக்கிற நானும் கேட்கவில்லை. எல்லோரும் மரத்தைத்தான் பார்த்திருக்கிறோம். ஆகையால் உன்மேல் இருந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது. போகவில்லை, நின்றிருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

இதை உனக்கு எழுத உட்கார்ந்த காரணம் வேறு. நேற்று ஞாயிற்றுக்கிழமை சௌம்யா இங்கே வந்தாள்.

தோழி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு வந்திருப்பாள் போல. தனியாக ரயிலில் வந்திருக்கிறாள். வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். ஜெயசீலி டீ கொடுத்தபோது இடது கையால் வாங்கிக்கொண்டாள். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம் அவளே எழுந்து பட்டறைக்குள் போனாள். காய்ந்துகொண்டிருந்த துணிகளை விலக்கிக்கொண்டு, உளிகள் மாட்டியிருந்த சுவரில் ஆணித் துளைகளைப் பார்த்தபடி நின்றாள்.

"ஏன் அங்கிள் எல்லாத்தையும் எடுத்துட்டீங்க?"

"மனசு வரலம்மா."

"என்னாலயா?"

நான் கொடியிலிருந்து ஒரு துணியை எடுத்து மடித்தேன்.

"உங்க மேல தப்பு இல்ல அங்கிள். அம்மா பேசறத நெனச்சுக்காதீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் சொன்னாள். அரை மணி நேரம் சொன்னாள். ஜெயசீலி வாசற்படியில் நின்று முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கடைசியில் சௌம்யா, "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க அங்கிள். பாவம், அவரு தாங்கமாட்டாரு" என்று இடது கையை நீட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கொடுத்தேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? அந்த முகத்தைப் பார்த்தால் நீயும் கொடுத்திருப்பாய்.

ஸ்டேஷன் வரை கூடவே போய் ஆவடி தாண்டிப் போகிற வண்டியில் ஏற்றிவிட்டேன். கூட்டமாக இருந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை ஆட்ட எடுத்தவள், நினைவு வந்து உள்ளே இழுத்துக்கொண்டாள். வண்டி போன பிறகும் நான் பிளாட்பாரத்திலேயே நின்றேன்.

பட்டறையைத் திறப்பேனா என்று தெரியவில்லை. இப்போதைக்கு இல்லை. நீ ஞாயிற்றுக்கிழமை இங்கே வர வேண்டாம். வந்தால் நான் கதவைத் திறப்பேன், ஆனால் நாம் இருவரும் இங்கே உட்கார்ந்து பேசி ஒன்றும் ஆகாது.

நீ எழுதியதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் சொன்னதை உனக்கு எழுதப்போவதில்லை. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அம்பத்தூரில் நான் என்ன செய்ய? நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறீர்கள், தினா.

ஃபெலிக்ஸ்