லாரி ஷெட்டில் கட்டிய பாட்டு

மார்ச் 3, 1983, வியாழன்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. தையல்காரரிடம் ஜாக்கெட். அம்மாவுக்குத் தைலம். தொண்டைக்கு மிளகு, பனங்கற்கண்டு. பிறகு சங்ககிரி பஸ்.

பஸ்ஸில் பின்சீட்டுப் பெண்கள்: "கோயில் நோம்பியில குதிச்சுக் குதிச்சுப் பாடுனாளே, அவதான்." திரும்பி, "ஆமாங்க, நானேதானுங்க" என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

துரையண்ணன் எனக்கு முன்பே வந்து பேஸ் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மச்சானின் லாரி ஷெட்டில்தான் எங்கள் கச்சேரிக் குழுவின் ஒத்திகை. குழுவில் மற்றவர்களுக்கு சினிமாப் பாட்டே போதும். சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த கேசட்டைக் கேட்டதிலிருந்து எங்கள் இருவருக்கு மட்டும் ஃபங்க் என்கிற அந்தத் துள்ளல் தாள இசை மேல் பைத்தியம். அவர் தடித்த கம்பியில் ஒன்று தட்டுவார். நான் வாய்க்கு வந்ததைக் கத்துவேன். வார்த்தை கடைசியில்தான் வரும்.

இன்று ஓரிடத்தில் வார்த்தை வராமல் 'ம்ம்' என்று நிறுத்தினேன். "அந்த எடத்த உட்றாத அம்மணி. பாட்டே அங்கதான் இருக்குது" என்றார். ஒரு மாதத்துக்குப் பேசுவதை ஒரே மூச்சில் பேசிவிட்டார் மனுசன்.

ஞாயிறு ஃபேர்லேண்ட்ஸ் ஸ்டுடியோவில் ரெக்கார்டிங். எங்கள் முதல் கேசட்.

மார்ச் 6, ஞாயிறு

மானம் போச்சு.

அறைச் சுவரெல்லாம் கோணிச் சாக்கு. கதவைச் சாத்தினால் ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. டிரம்ஸைப் பிறகு சேர்த்துக்கொள்வார்களாம். து. அண்ணன் முன்னால் ஓடுகிறார், நான் பின்னால் இழுக்கிறேன். மறுபடி. மறுபடியும் அதே கூத்து.

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. ஷெட்டில் எந்நேரமும் ஏதாவதொரு லாரி இன்ஜின் ஓடும். அதைப் பிடித்துக்கொண்டே இருவரும் தாளம் போட்டிருக்கிறோம். அட கிறுக்குப் பிறவிகளா!

கேசட்காரர்: "உங்க குரல் பிரமாதம். கிட்டாருக்கு நம்ம ஆளு இருக்காரு. புதன்கிழமை வாங்க."

து. அண்ணன் கிட்டாரை உறையில் போட்டார். "அன்னிக்கு நீ பாடு அம்மணி. நா வெளிய டீ குடிச்சுட்டு நிக்கறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை.

மார்ச் 7, திங்கள்

கேசட் வேண்டும். வேண்டும், வேண்டும். இங்கே எழுதுவதில் என்ன வெட்கம். அட்டையில் என் பெயர், என் படம். அவர் இல்லாமலும் வரும். அப்படி நினைத்ததற்கே அழுகை வந்தது.

து. அண்ணனைப் பார்க்கப் பரமத்தி வேலூர் போனேன். கொடிக்காலில் வெற்றிலைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்.

"போயிப் பாடீட்டு வா சாமி. நா கோவிச்சுக்க மாட்டேன்."

"எனக்குக் கோவமா இருக்குதுங்ணா! ஊட்டுக்குப் போயி கிட்டார எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தார். ஷெட்டில் இருவரும் லாரியைப் பார்த்தே உட்கார்ந்தவர்கள். முகம் பார்த்து வாசித்ததே இல்லை. இன்று எதிரெதிரே. நான் மூச்சை இழுக்கும்போது அவர் விரலைத் தூக்க வேண்டும். முதலில் சிரிப்பு வந்து கெட்டது. அப்புறம் சண்டை வந்து கெட்டது. பொழுது சாயும்போது ஒருவழியாகத் தாளம் சேர்ந்து நின்றது. அவர் சம்சாரம் மோர் கொண்டுவந்து, "ரெண்டு பேத்துக்கும் பைத்தியம் முத்திப் போச்சு" என்றார்.

மார்ச் 9, புதன்

மேகமூட்டம். பட்டுச் சேலை வேண்டாம், மைக்கில் சரசரக்கும்.

கேசட்காரரிடம்: "இவரு வாசிச்சாத்தான் பாடுவனுங்க. இல்லீன்னா நீங்களே பாடிக்குங்க." சொல்லியே விட்டேன். அவர் பெருமூச்சு விட்டு, ஒரே ஒரு தடவைதான் என்றார்.

எதிரெதிரே நின்றோம். மூச்சு. விரல். பாட்டு தானாகப் போனது. 'ம்ம்' வந்த இடத்தில் அவர் கம்பியைப் பொத்திக்கொண்டார். எனக்கு அவ்வளவு இடம் யாரும் விட்டதில்லை.

"இதையே வெச்சுக்கலாம்" என்று கேசட்காரர் போட்டுக் காட்டினார். து. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் ஒருமாதிரி ஆனது.

"அம்மணி, அந்தக் கிட்டாரு ஆரு?"

"நீங்கதானுங்ணா."

ஷெட்டில் இன்ஜின், மேடையில் டிரம்ஸ். இத்தனை வருடத்தில் மனுசன் தன் வாசிப்பை அடுத்தவர் போல உட்கார்ந்து காதால் கேட்டதே இல்லை.

"இன்னொருக்கா போடச் சொல்லு" என்றார்.