கல்யாணக் குதிரைக்குப் பின்னால் டி.வி.எஸ். 50

2003, மே 3, சனி
காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பஸ் முதலாளியிடம் ரெண்டு நாள் லீவு சொல்லிவிட்டு டி.வி.எஸ்.ஸில் உடையார்பாளையம் வந்தேன். மனைவி சாந்தாவும் மகள் மலரும் போன மாதத்திலிருந்து இங்கேதான், மைத்துனன் முருகேசன் வீட்டில்.

போன வருஷம் ப்ளஸ் டூவில் கணக்கில் ஃபெயிலானதிலிருந்து மலர் வாய் திறப்பதில்லை. அரியலூர் வீட்டில் எந்நேரமும் மூடிய கதவு. இங்கே வந்து பார்த்தால் முருகேசனின் குதிரை மேல் உட்கார்ந்து கை ஆட்டுகிறாள். சிரிக்கிறாள். சந்தோஷம்தான். குதிரையின் உயரத்தைக் கண்ணாலேயே ரெண்டு தடவை அளந்தேன்.

குதிரை பேர் ராணி. வெள்ளை. கல்யாணக் குதிரை. லப்பைக்குடிக்காடு மாப்பிள்ளை ஊர்வலம் வரை போகும். மேளம் கேட்டால் முன்னங்காலைத் தூக்கி ஆடும், அப்படிப் பழக்கம்.

"எம்புட்டு கூட்டத்துலயும் மெரளாது மச்சான். நீங்க பஸ்ஸு ஓட்றதவிட இது சேஃப்டி" என்றான் முருகேசன். சாந்தா ரொம்ப நேரம் சிரித்தாள்.

மே 4, ஞாயிறு
அக்னி ஆரம்பம். மலர் ராணி மேல் முந்திரித் தோப்பு வண்டிப் பாதையில் ஏரிக்கரை வரை. என் பாதுகாப்பு ஏற்பாடு: முருகேசனின் ஹெல்மெட். பள்ளிக்கூட ஷூ (செருப்பென்றால் சேணத்தின் கால் வளையத்தில் மாட்டிக்கொள்ளுமாம்). தண்ணீர். திருநீறு. பின்னால் டி.வி.எஸ்.ஸில் நான்.

வழியில் டீக்கடையில் ஒருத்தன்: "அப்பன் பஸ்ஸு ஓட்றாரு, பொண்ணு குதிரை ஓட்டுது. அம்மா என்னத்த ஓட்டுது?" இன்னொருத்தன்: "அப்பனத்தான்."

தோப்பு வளைவு. எதிரே ஏதாவது வந்தால்? கை தானாக ஹாரனை அழுத்திவிட்டது. இத்தனை வருஷ டிரைவர் கை. நானே ஆசையாக மாட்டிய பாட்டு ஹாரன் வேறு.

ராணி கச்சேரி என்று நினைத்துவிட்டது. முன்னங்கால் மேலே. மலர் பின்பக்கமாகச் சரிந்து மணலில். நல்லவேளை மணல். நல்லவேளை ஹெல்மெட். முழங்கைத் தோல் போச்சு. குதிரை ஆடி முடித்து, மொய் வாங்க நிற்பது போல நின்றது.

மலர் அழவில்லை. ராணியைப் பிடித்து நடத்தியே வீடு வந்தாள். நான் டி.வி.எஸ்.ஸைத் தள்ளிக்கொண்டு பின்னால்.

மே 5, திங்கள்
லீவு நீட்டிப்பு. வயிறு சரியில்லை என்று போன் போட்டேன், முழுப் பொய் இல்லை.

மலர் குதிரைக் கொட்டகைக்குப் போகவில்லை. மறுபடி கதவு. காலைச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது.

"அவளப் பாத்துக்கப் போனீங்களா, தள்ளிவுடப் போனீங்களா?" என்றாள் சாந்தா.

திரும்பி வந்த தட்டைக் கழுவப் போனேன், பின்னாலேயே வந்தாள்.

"இனிமே குதிரை வேணாம்னு அவகிட்ட சொல்லிடுங்க."

"நீயே சொல்லேன்."

"என்னால முடியாது."

என்னாலும்தான். ஏறு என்று சொல்லி விழுந்துவிட்டால்? ஏறாதே என்றால் கதவு திறக்கவே திறக்காது. பஸ் என்றால் பிரேக்கில் கால் வைத்திருப்பேன். இதில் காலை எங்கே வைப்பது.

மதியம் ஹாரனைக் கழற்றினேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு. ஜன்னலிலிருந்து குரல்: "ஒயரு தொங்குதுப்பா. டேப் சுத்துங்க." சுற்றினேன்.

மே 6, செவ்வாய்
மலர் காலையில் கொட்டகையில். ஏறவில்லை. ராணியின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். கால் வளையத்தைப் பிடிப்பாள், விட்டுவிடுவாள். பார்க்காதது மாதிரி வைக்கோல் பிடுங்கினேன்.

"அப்பா, நீங்க ஏறுங்க."

"நானா?"

"உங்க பயத்தப் பாத்தா எம் பயம் கொஞ்சம் கொறையும்."

ஏறினேன். ஏற்றினார்கள் என்பதே சரி. முருகேசன் கயிற்றைப் பிடிக்க, வாசலுக்குள்ளேயே நடை. ஸ்டீயரிங் இல்லாத வண்டி, அதுவும் மூச்சு விடுகிற வண்டி.

"குனியாதீங்க. கடிவாள வாரை இழுத்துப் புடிக்காதீங்க, அதுக்கு வாய் வலிக்கும். குதிகால கீழ அழுத்துங்க. மூச்சு வுடுங்கப்பா."

அப்போதுதான் தெரிந்தது, மூச்சே விட்டிருக்கவில்லை. மலர் சிரித்துவிட்டாள். நான் இறங்கியதும் அவள் ஏறினாள். வாசலில் மட்டும். எனக்கு இடுப்பு வலி. தைலம்.

மே 7, புதன்
மேக மூட்டம். காற்று இல்லை. மலர் குதிரையின் வயிற்று வாரை இறுக்கினாள், கொஞ்சம் நடத்திவிட்டு மறுபடி இறுக்கினாள். அது வயிற்றை உப்ப வைத்து ஏமாற்றுமாம். அவள் இன்று ஏரிக்கரைக்குத் தனியாக.

"நீங்க வர வேணாம். வாசல்லயும் நிக்க வேணாம். உங்க மொகத்தப் பாத்தா உங்க பயம் எனக்கும் தொத்திக்குது."

"நேத்து பாக்கணும்னியே."

"அது நேத்து."

கொல்லைப்பக்கம் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். சாந்தா தெருமுனைக்கே போய்விட்டாள், அவளுக்குத் தடை இல்லை. எப்போது திரும்பும் என்று முருகேசனைக் கேட்டேன். "அது நடந்து வந்தா லேட்டாவும், மெரண்டு தனியா ஓடி வந்தா சீக்கிரம் வந்துரும் மச்சான். லேட்டாவட்டும்னு கும்புடுங்க" என்றான். கும்பிட்டேன்.

எழுத வேறு ஒன்றும் இல்லை. பேனாவைக் கீழே வைத்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். அதனால் முந்திரி மரம் பற்றி எழுதுகிறேன். முந்திரி மரம் பச்சையாக இருக்கிறது. இலை அகலம். கிளை தாழ்வு, குதிரை மேல் வருகிறவள் குனிய வேண்டும், அதை நான் அவளிடம் சொல்லவில்லை, பேனாவை வைக்கிறேன்.