இஸ்திரிப் பெட்டி சுட்ட கை

அண்ணே,

கை கழுவி இரண்டு மணி நேரம் ஆகிறது. விரலிடுக்கில் இன்னும் அந்தச் சிவப்பு சோப்பு மணக்கிறது. சாப்பிட உட்கார்ந்தவள் ஒரு வாய்கூட உள்ளே தள்ள முடியாமல் தட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்த மணம் வந்தால் மட்டும் எங்கள் ஃப்ளாட் கேட்டுக்கு எதிரே உங்கள் இஸ்திரி வண்டி திரும்ப வந்து நின்றுவிடுகிறது.

"கரி படிஞ்ச கைக்கு இத்த வுட்டா வேற சோப்பு கெடையாதும்மா" என்பீர்கள். ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது என்று நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். தேனியிலிருந்து பட்டணத்து ஓரத்து நூம்பலுக்குக் குடிவந்து, வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவளுக்கு, ஒரு நாளில் வாய்விட்டுப் பேசக் கிடைத்த ஆள் நீங்கள்தான். "உங்க லிஃப்ட் நிக்கிற எடத்துலதான் எங்கப்பா கூலிக்கு நாத்து நட்டாரு. நீ இன்னாடான்னா ரெண்டாவது மாடி ஏற மூச்சு வாங்குற" என்று வம்புக்கு இழுப்பீர்கள். உங்களைவிட நான் மூன்று வயதுதான் சின்னவள். ஆனாலும் உங்கள் வாய்க்கு முன்னால் என் வாய் செல்லாது.

அந்த நாயைப் பற்றியும் நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள். அடுத்த மனையில் கட்டட வேலை நடந்தது. சிமெண்டு மூட்டைக்குக் காவல் என்று அந்த மேஸ்திரி ஒரு பெரிய நாயைக் கொண்டுவந்து தாம்புக்கயிற்றில் கட்டியிருந்தார். கேட்டால், "ஒண்ணும் பண்ணாதுங்க, சும்மா குலைக்கும்" என்பார். நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அது கண்ணே சரியில்லம்மா. பட்டாணிய அந்தப் பக்கம் இட்டுகினு போவாத" என்றீர்கள். நான் காதில் போட்டுக்கொள்ளாமல் என் குட்டி நாய் பட்டாணியை அந்த வழியாகவே நடத்திக்கொண்டு போனேன். என் தெருவில் நான் நடக்க யாரோ ஒருவர் நாயிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று ஒரு வீம்பு.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கயிறு அறுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் பட்டாணியின் கழுத்து அதன் வாயில் இருந்தது. பட்டாணி அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. புத்தி இருந்தால் கையை உள்ளே விட்டிருப்பேனா? விட்டேன். அது பட்டாணியை விட்டுவிட்டு என் கெண்டைக்காலைப் பிடித்தது. தரையில் விழுந்தேன். மேலே அதன் மூச்சு.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். வண்டிக்கடியில் மடித்து வைத்திருக்கும் பழைய கம்பளியை உருவிக்கொண்டு வந்து அதன் தலையில் போட்டு மூடினீர்கள். அப்படியும் அது விடவில்லை. வலது கையைக் கம்பளிக்குள் விட்டு அதன் தாடையை நெம்பினீர்கள். அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டேதான் கிடந்தேன், அண்ணே. பார்த்தும் என்ன பிரயோசனம்.

நாயை அந்த மனையின் தகரக் கதவுக்குள் தள்ளிப் பூட்டியதும் ஃப்ளாட்டே இறங்கி வந்துவிட்டது. ஒருத்தி மஞ்சள் தூள் டப்பாவோடு. ஒருத்தி காபித் தூளோடு. எதிர் வீட்டு அம்மா சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டே வந்தார். துணியால் இறுக்கிக் கட்டு என்று ஒரு குரல். எல்லோரும் படித்தவர்கள். நீங்கள் போட்ட சத்தத்தில் டப்பாக்கள் எல்லாம் பின்வாங்கின.

"இன்னாமா, சமையலா பண்றீங்க? எட்த்துகினு போங்க அத்தெல்லாம்! தண்ணிய தொற!"

தோட்டத்துக் குழாயடியில் என்னை உட்காரவைத்து, உங்கள் வண்டியிலிருந்த சிவப்பு சோப்பை எடுத்துக் காயத்தில் நுரைக்க நுரைக்கத் தேய்த்தீர்கள். உயிர் போகிற எரிச்சல். பட்டாணி, பட்டாணி என்று நான் எழுந்து ஓடப் பார்த்தேன். "அத்த உன் வூட்டுக்காரரு டாக்டராண்ட தூக்கினு பூட்டாரு. மொதல்ல நீ குந்து" என்று தோளை அழுத்தினீர்கள். வாட்ச்மேனைக் கைபேசியில் மணி பார்க்கச் சொன்னீர்கள். கால் மணி நேரம். ஒரு நிமிஷம் குறையவிடவில்லை. கோவில்பதாகையில் உங்கள் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நாய்க்கடிக்கு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாராம், இரண்டு மாசத்தில் இல்லாமல் போனாராம். "அன்னிலேந்து பாக்கறவன்கிட்டலாம் இத்தான் சொல்லினு கீறேன்" என்றீர்கள்.

இவ்வளவும் தெரிந்த மனுஷன் நீங்கள்.

ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்கு நீங்கள்தான் கூட வந்தீர்கள். வழியெல்லாம் ஒரே புலம்பல். பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்ததில் என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை முதுகில் கருகிவிட்டதாம். "நல்ல சட்டைம்மா, போச்சே." எனக்குக் கால் கிழிந்து கிடக்கிறது, உங்களுக்குச் சட்டைக் கவலை. அந்த வலியிலும் சிரித்துவிட்டேன். அப்போதுதான் உங்கள் வலது கட்டைவிரலுக்குக் கீழே தோல் உரிந்து சிவந்திருந்ததைப் பார்த்தேன்.

"என்னண்ணே, உங்களையும் கடிச்சிருச்சா?"

"ஐயே, இது காலீல பொட்டி சுட்ட கொப்பளம்மா. ஒடஞ்சிகீது. எனக்கு ஒண்ணியும் இல்ல."

நீங்கள் பொய் சொல்லவில்லை. அது பெட்டி சுட்டதுதான். உங்கள் கையில் எந்த நாளில் சூட்டுத் தழும்பு இல்லாமல் இருந்தது? பல் பட்டால்தான் கடி, ரத்தம் வந்தால்தான் காயம் என்று நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன். அந்த நாயின் எச்சில் முழுக்க அந்த உடைந்த கொப்புளத்தின் மேல்தான் வழிந்திருக்கிறது என்று நம் இரண்டு பேரின் மண்டையிலும் உறைக்கவில்லை. என் காலை அப்படித் தேய்த்துக் கழுவியபோது உங்கள் கையும் அதே சோப்பில் நனைந்ததுதான். ஆனால் அந்தக் கையை யாரும் கழுவவில்லை, அண்ணே.

உள்ளே நர்ஸ் காயத்தைச் சுற்றித் தடுப்பு மருந்தைக் குத்தினார். தடுப்பூசி போட்டார். அடுத்து எந்தெந்த நாள் வர வேண்டும் என்று அட்டையில் எழுதிக்கொண்டே கேட்டார். "வேற யாருக்காவது கடி, கீறல்?"

நீங்கள் எனக்குப் பின்னால் நின்றீர்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். "இல்லைங்க. எனக்கு மட்டும்தான்."

கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விடிந்து பார்த்தால் நாய் இல்லை. "பண்ணைக்கு அனுப்பிட்டேன், ஊசி போட்ட நாய்தாங்க" என்றார் மேஸ்திரி. ஊசி போட்ட புத்தகத்தைக் கேட்டதற்கு நாளை, நாளை என்றார். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போனபோது சாட்சிக் கையெழுத்து நீங்கள் போட்டீர்கள், அதே வலது கையால். அப்படியும் அந்த மேஸ்திரி நாயைக் கண்ணில் காட்டவே இல்லை, படுபாவி. நான் கண்ணாடியில் என் முகத்தையும், கழுத்தில் தையலோடு மூலையில் படுத்திருந்த பட்டாணியின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பட்டாணி தண்ணீர் குடித்தால் எனக்கு மூச்சு வரும். வருஷா வருஷம் ஊசி போட்டு வைத்திருந்ததால் அது பிழைக்கும் என்று நாய் டாக்டர் சொல்லியும் மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு ஊசி நாளிலும் வண்டியை மூடிவிட்டு ஆட்டோ பிடித்து வந்தது நீங்கள். மாங்காட்டில் கல்யாண வீட்டுத் துணி முப்பது கிடக்க, அதையும் விட்டுவிட்டு வந்தீர்கள். கடைசி ஊசி முடிந்த அன்று, "தாண்டிட்டம்மா" என்று என் தலையில் தட்டினீர்கள். நான் தாண்டிவிட்டேன்தான்.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலை வழக்கம்போல் உங்களுக்கு டீ கொண்டுவந்தேன். ஒரு நாளைக்கு எட்டு டீ குடிக்கிற ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கை மரத்த மாதிரி இருக்கிறது, தொண்டை ஏதோ அடைக்கிறது என்றீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் டீ அவ்வளவு மட்டமாப் போச்சாண்ணே?" என்றேன். நீங்கள் டம்ளரை வாங்கினீர்கள். எனக்காகத்தான் வாங்கினீர்கள். உதட்டருகே கொண்டுபோனதும் கழுத்து வெட்டி இழுத்து, டீ முழுக்கத் துணி மேல் கொட்டியது. உங்கள் கண்ணைப் பார்த்தேன். அதில் உங்களுக்குத் தெரிந்துவிட்டது தெரிந்தது. எனக்கும்.

அதன் பிறகு மூன்று நாள். அந்த மூன்று நாளை நான் எழுதப்போவதில்லை. முதல் நாள் ஆஸ்பத்திரித் தனியறையின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், "அழாதம்மா. ஒனக்கு ஊசி போட்டாச்சில்ல?" என்று கேட்டீர்களே, அது ஒன்று போதும்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவே இல்லை. ஊருக்கெல்லாம் சொன்ன வாய் உங்கள் கைக்குச் சொல்லக்கூடாதா? பிறகு அந்தக் கோபம் அப்படியே திரும்பி என் மேல் விழுகிறது. நான்கு முறை அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். ஊசி பத்தடி தூரத்தில் இருந்தது.

இன்று காலை முதல் மாடி டீச்சரைத் தெருநாய் ஒன்று கணுக்காலில் பிடித்தது. சத்தம் கேட்டதும் சோப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். இப்போதெல்லாம் அது கதவுக்குப் பின்னாலேயே ஒரு டப்பாவில் இருக்கிறது. மஞ்சள் தூளோடு வந்தவரை உங்கள் குரலிலேயே விரட்டினேன். கால் மணி நேரம் கழுவி முடித்து நிமிர்ந்தால், நாயைப் பிரித்து விரட்டிய தண்ணீர் கேன்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது மனுஷர். ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினேன்.

"கையக் காட்டுங்க."

"இன்னாக்கா நீ? எனக்கு ஒண்ணியும் இல்ல."

அந்த வார்த்தை எனக்குப் பழக்கமான வார்த்தை. கையைப் பிடித்துத் திருப்பினேன். கேன் தூக்கித் தூக்கி உள்ளங்கையில் தோல் வெடித்திருந்தது. அதன் மேல் ஈரம். குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய் அந்தக் கையையும் கால் மணி நேரம் கழுவினேன். லோடு பாக்கி இருக்கிறது என்று கத்தினார். கத்தட்டும் என்று டீச்சரோடு அவரையும் ஆட்டோவில் ஏற்றினேன்.

அதே ஆஸ்பத்திரி, அதே பெஞ்ச். நர்ஸ் மட்டும் வேறு. அட்டையில் டீச்சர் பெயரை எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார், "வேற யாருக்காவது கடி, கீறல்?"

"இருக்குங்க" என்றேன், அண்ணே.