வீட்டுக்கு ஒரு வெள்ளைக் கோழி

பிப்ரவரி 11, செவ்வாய்

ஓவர்லீ மாளிகைக் கடையில் புதிதாக ஒரு துண்டு விற்கிறார்கள். பாத்திரம் துடைக்கிற துண்டு. அதில் என் படம்! மாளிகைப் படியில், இடது கக்கத்தில் கோழியோடு, பிரபுவின் முன்னால் முட்டி போட்டுக்கொண்டிருக்கிறேன். கீழே கொட்டை எழுத்தில் 'ஓவர்லீ – மாறாத மரபு'. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டெரிக் இரண்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"படத்துல நீ நல்லாத்தான் விழுந்திருக்க, க்ளெனிஸ். கோழிதான் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு."

கட்டின கணவர் என்றும் பாராமல் துண்டை அவர் முகத்திலேயே எறிந்தேன்.

எனக்கு ஐம்பத்தொன்பது வயது. முப்பது வருஷமாக பஸ் ஓட்டுகிற கால். ஒவ்வொரு மைக்கேல்மாஸ் நாளன்றும், அதாவது செப்டம்பர் 29, கல்படியில் மண்டியிட்டு, "என் கூரையும் அடுப்பும் உங்கள் தயவு, இதோ என் கோழி" என்று சொல்ல வேண்டும். இந்த வீட்டுக்கு வாடகை அதுதான். அம்மா செய்தாள், நான் செய்கிறேன். கோழியை உடனே திருப்பித் தந்துவிடுவார்கள், அவர்களுக்கு அது எதற்கு? முட்டி வலியை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்து வர வேண்டும். எந்த நூற்றாண்டில் இருக்கிறோம் நாம்?

பிப்ரவரி 23, ஞாயிறு

பெரிய பிரபு இறந்துவிட்டார். எண்பத்தாறு வயது, தூக்கத்திலேயே.

அடுத்த வீட்டு ஐவர் ப்ரீஸ் வாசலில் வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரும் என்னைப் போல் கோழி வாடகை வீட்டுக்காரர்தான். ஒரு காலத்தில் ஆறு வீடுகள் இருந்தன, இப்போது மிச்சம் நாங்களும் அவரும். எழுபத்தாறு வயதில் மனைவியும் இல்லாமல், ஆடுகளையும் விற்றுவிட்டுத் தனியாக இருக்கிறார்.

"என் பேர அவர் ஒரு தடவகூட மறந்ததில்லம்மா."

"வருஷத்துக்கு ஒரு தடவ சொல்ற பேருதானே, ஐவர்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. என் வாய்க்குப் பூட்டே கிடையாது.

மார்ச் 6, வியாழன்

வானொலியில் நாள் முழுக்க மேலவைப் பேச்சு. அப்பன் பட்டத்தைக் காட்டி சபையில் உட்கார்ந்திருக்கிற பிரபுக்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். ஒருவர் அதெல்லாம் நாட்டின் அழகு என்கிறார். அழகாம்! அழகாக இருக்கிறவர்கள் யாராவது ஒரு தடவை முட்டி போட்டுப் பார்க்கட்டும்.

உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவிட்டேன். இரண்டு பக்கம். 'ஒரு மனுஷி இன்னொரு மனுஷன் முன்னால் கோழியோடு மண்டியிடுவது மரபு அல்ல, அவமானம். இதை இன்றே நிறுத்துங்கள்.' பேர், விலாசம் எல்லாம் போட்டேன். டெரிக் படித்துவிட்டு, "அஞ்சல் தலைய நானே ஒட்டறேன்" என்றார். பழைய தபால்காரர் அல்லவா, வேறு எதிலும் தலையிட மாட்டார்.

மார்ச் 20, வியாழன்

கடிதம் பத்திரிகையில் வந்துவிட்டது. பஸ்ஸில் மூன்று பேர் கைதட்டினார்கள். ஐவர் என்னைப் பார்த்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏப்ரல் 9, புதன்

புதுப் பிரபுவே வீட்டுக்கு வந்தார்! முப்பத்தெட்டு வயது, சேறு அப்பிய பூட்ஸ், கையில் என் கடிதம் வந்த பத்திரிகை நறுக்கு.

"பிரபுன்னெல்லாம் வேண்டாம், ஜாஸ்பர்னே கூப்பிடுங்க. நீங்க எழுதினதப் படிச்சுட்டு எனக்கு ராத்திரி தூக்கமே வரல. அப்பா காலத்தோட இது போகட்டும். இனிமே உங்க முட்டி உங்களோடது."

மனதாரச் சொன்ன மாதிரிதான் இருந்தது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. கேக்கில் இரண்டாவது துண்டும் வெட்டிக் கொடுத்தேன். போகும்போது வீட்டை ஒரு சுற்று பார்த்தார். உத்தரங்கள் அழகாக இருக்கின்றன என்றார்.

ஏப்ரல் 10, வியாழன்

ஜெயித்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

மே 14, புதன்

ஐயோ. ஐயோ, என் முட்டாள் தலையே.

மாளிகை அலுவலகத்திலிருந்து இருபத்திரண்டு பக்கக் காகிதம். கோழிச் சடங்கு முடிந்தது, அதற்குப் பதிலாக நவீன ஒப்பந்தம், கையெழுத்திடவும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. காலை பஸ்ஸில் முதல் இருக்கையில் வருகிற மிஸஸ் அடேர் ஓய்வுபெற்ற வக்கீல். கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அவரிடம் காட்டினேன், எங்கள் பழைய பத்திரத்தையும் சேர்த்து. கண்ணாடியை மாற்றி மாற்றிப் படித்தார்.

"க்ளெனிஸ், கோழி கொடுக்கற வரைக்கும் உங்கள யாராலயும் அந்த வீட்டவிட்டு அசைக்க முடியாது. உங்களுக்கப்புறம் உங்க பிள்ளைகளயும்தான். ஒரு வருஷம் தவறினா வீடு பிரபுவுக்குப் போயிடும். இந்தப் புதுத் தாள்ல கையெழுத்துப் போட்டீங்கன்னா நீங்க சாதாரணக் குடித்தனக்காரங்க. சந்தை வாடகை. ரெண்டு மாசம் அவகாசம் கொடுத்து வெளிய போகச் சொல்லலாம்."

"அவர் நல்ல மனுஷனாத்தான் பேசினார்."

"கடைசிப் பக்கத்தப் பாத்தீங்களா?"

கடைசிப் பக்கத்தில் என் கடிதம். மஞ்சள் கோடு போட்டு இணைத்திருக்கிறார்கள். 'குடியிருப்பவரே எழுத்து மூலம் வேண்டிக்கொண்டதற்கிணங்க.'

பஸ் எட்டு நிமிஷம் தாமதம். முப்பது வருஷத்தில் நான் இவ்வளவு தாமதமாகப் புறப்பட்டதில்லை.

மே 14, மாலை

ஐவரிடம் ஓடினேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாராம். காகிதம் வந்த அன்றே, மைப் பேனாவால்.

"படிச்சுப் பாத்தீங்களா?"

"பிரபு அனுப்பினதப் படிச்சுப் பாக்கறதா? நல்லா இருக்குமா அது?"

நான் கத்தினேன். அவரும் கத்தினார். இத்தனைக்கும் காரணம் உன் கடிதம்தான் என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதிவிட்டேன். மறுபடியும் கோழி கொண்டுவருவேன் என்றும் எழுதினேன். எழுதும்போது கை கூசியது. டெரிக் பக்கத்தில் நின்று, "மரியாதையுள்ளன்னு ஆரம்பி" என்றார். அடித்துவிடுவேன் போலிருந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

மாளிகை அலுவலகம் தொலைபேசியில்: இருபத்தொன்பதாம் தேதி சடங்கு கிடையாது, மாளிகை பூட்டியிருக்கும், பிரபு ஊரில் இருக்க மாட்டார். குரலில் அத்தனை தேன்.

மிஸஸ் அடேர் சிரித்தார். பத்திரத்தில் மாளிகை என்ற வார்த்தையே இல்லையாம். 'பிரபு எங்கிருக்கிறாரோ அங்கே, சூரியன் மறைவதற்குள், இரண்டு சாட்சிகள் முன்னால்.' அவர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுகூட இல்லை. நான் மண்டியிட்டு நீட்டினால் போதும்.

ஆக, இந்தச் சடங்கை ஒழிக்கச் சொன்ன நான் இப்போது கோழியோடு பிரபுவைத் துரத்திப் பிடித்து மண்டியிட வேண்டும். ஒழிந்தது என்று சொன்ன பிரபு ஓடி ஒளிய வேண்டும். இந்த நாட்டை என்ன சொல்ல?

செப்டம்பர் 12, வெள்ளி

டெரிக் கண்டுபிடித்துவிட்டார். ஷ்ரூஸ்பரி நகரத்தில் ஒரு கடைக் கண்ணாடியில் அறிவிப்பு. 29-ஆம் தேதி மாலை ஆறு மணிக்குப் பொது விவாதம்: 'பட்டங்களும் சடங்குகளும் இன்றைய பிரிட்டனுக்குத் தேவையா?' பேசுகிறவர்களில் நம் ஜாஸ்பர். தேவையில்லை என்ற கட்சியில்!

செப்டம்பர் 29, திங்கள்

எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

கோழியை மூடியுள்ள கூடையில் வைத்து, என் பஸ்ஸிலேயே பயணியாகப் போனேன். ஓட்டியது என்னோடு வேலை செய்கிற பாரி. "கோழிக்கு மூத்த குடிமக்கள் சலுகை உண்டா?" என்றான். டெரிக்கும் மிஸஸ் அடேரும் சாட்சிகள். விவாத அரங்கில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். இருநூறு பேர் இருப்பார்கள். சூரியன் மறைவது 6.54-க்கு.

ஆறு மணி. பிரபுவைக் காணோம். ஆறே கால். மற்றவர்கள் பேசினார்கள், ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. 6.35-க்கு, ரயில் தாமதம் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மேடையேறினார். அவரை அறிமுகப்படுத்தினார்கள், அறிமுகப்படுத்தினார்கள், படித்த பள்ளிக்கூடம் வரைக்கும். 6.44-க்குத்தான் வாயைத் திறந்தார்.

"எங்க ஊர்ல ஒரு அம்மா இருக்காங்க. தைரியமா ஒரு கடிதம் எழுதினாங்க. இந்த நாட்டுல யாரும் யார் முன்னாடியும் மண்டியிடக் கூடாதுங்கறத எனக்குக் கத்துக் கொடுத்தது அவங்கதான்."

கைதட்டல். பலத்த கைதட்டல். அது அடங்குவதற்குள் நான் எழுந்தேன். மேடைக்கு நாலு படி. கூடையைத் திறந்து கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினேன். ஜாஸ்பரின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"க்ளெனிஸ், வேண்டாம். தயவுசெஞ்சு எந்திரிங்க."

"இன்னும் முட்டியே போடல, அதுக்குள்ள எந்திரிக்கச் சொன்னா எப்படி?"

போட்டேன். மரத்தரை, கல்லைவிடப் பரவாயில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கோழியை நீட்டினேன். அவர் தொடவில்லை, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கூட்டத்தில் சிரிப்பு. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து கத்தினாள்: "எந்திரிம்மா! வெக்கமா இல்ல? உன்ன மாதிரி ஆளுங்களாலதான் இவங்க இன்னும் நம்ம தல மேல உக்காந்திருக்காங்க!"

அவள் சொன்னது அத்தனையும் நான் எழுதியதுதான். ஒரு எழுத்து மாறவில்லை. திரும்பி, "நீ சொல்றது சரிதான்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? முட்டியிலிருந்தபடியே சொன்னேன்.

மிஸஸ் அடேர் கீழேயிருந்து கணீரென்று சொன்னார்: "ஆறு நாப்பத்தொம்பது. ரெண்டு சாட்சி."

எழுந்திருக்க முடியவில்லை, வலது முட்டி பூட்டிக்கொண்டுவிட்டது. கை கொடுத்துத் தூக்கிவிட்டது ஜாஸ்பர்தான். அதற்கு இன்னொரு கைதட்டல், அவருக்கு.

செப்டம்பர் 30, செவ்வாய்

முட்டிக்கு ஐஸ். விடுப்பு.

அக்டோபர் 17, வெள்ளி

மாளிகை வக்கீலிடமிருந்து ஐந்தே வரி. எங்கள் பழைய உரிமை தொடர்கிறதாம். டெரிக் அதைப் படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். சந்தோஷம்தான். ஆனால் அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும், முட்டி இருக்கிற வரைக்கும்... இதற்காகவா இத்தனை பாடு?

மார்ச் 5, வியாழன்

ஐவருக்கு நோட்டீஸ். இரண்டு மாதம். வீட்டை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறார்களாம்.

திட்டலாம் என்றுதான் போனேன். சமையலறை மேஜையில் நோட்டீஸை நேராக விரித்து, மேலே உப்புக் குப்பியை வைத்திருந்தார்.

"பிரபுவுக்கு இது தெரிஞ்சிருக்காதும்மா. ஆபீஸ்ல யாரோ தப்புப் பண்ணியிருக்காங்க."

திட்டாமல் அவருக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 12, வியாழன்

ஜாஸ்பரை நேரில் பார்த்தேன். தெரிந்துதான் செய்திருக்கிறார். மாளிகைக் கூரை ஒழுகுகிறது, எஸ்டேட் தன் காலில் நிற்க வேண்டும், ஐவருக்கு நகரத்தில் முதியோர் இல்லத்துக்குச் சிபாரிசுக் கடிதம் தருகிறேன் என்றார். பிறகு சொன்னார்: "எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தணும்னு நீங்கதானே எழுதினீங்க?"

கோழிப் பேச்சை எடுத்த நாளிலிருந்து இவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. அவர் அப்பா இந்த மாதிரி செய்திருக்க மாட்டார் என்று வாய் வரை வந்தது. அதை மட்டும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் அப்பா நல்லவரா? செய்ய முடியாதபடி ஒரு கோழி தடுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதானே? தெரியவில்லை. யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் மிஞ்சுகிறது.

மே 6, புதன்

ஐவரின் கட்டில் எங்கள் வீட்டுப் பின்னறைக்குள் நுழையவில்லை. டெரிக் கட்டில் கால்களை அறுத்தார்.

செப்டம்பர் 29, செவ்வாய்

இந்தத் தடவை மாளிகை திறந்திருந்தது. பார்வையாளர்கள் நாற்பது பேர். ஐவர் காலையிலேயே கோழியைக் குளிப்பாட்டித் துவட்டிவிட்டார். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். வேடிக்கை பார்க்க என்று நினைத்தேன்.

நான் மண்டியிட்டேன், சொன்னேன், நீட்டினேன். கோழியின் தலையைத் தொட்டு, "உங்கள் வீட்டில் இருந்துகொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டியது பிரபுவின் பங்கு. ஜாஸ்பர் முள்ளை விழுங்குகிற மாதிரி சொல்லி முடித்தார். நான் எழுந்திருக்கும்போது பார்த்தால், பக்கத்தில் ஐவர் முட்டி போட்டுக்கொண்டிருக்கிறார். கையில் கோழியில்லை, ஒன்றுமில்லை. தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, "என் கூரையும் அடுப்பும்" என்று தொடங்கி, கடைசி வார்த்தை வரை சொன்னார்.

ஜாஸ்பர் அவரைப் பார்த்தார். அலுவலகத்து ஆளைப் பார்த்தார். பிறகு படியேறி உள்ளே போய்விட்டார். யாரோ ஒருவர் படமெடுத்தார். நானும் டெரிக்கும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஐவரைத் தூக்கினோம்.

"பழக்கதோஷம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் கேட்டார்: "அவர் என்கிட்ட என்ன சொன்னாரும்மா? அந்தப் பக்கத்துக் காது எனக்கு இப்பல்லாம் கேக்கறதேயில்ல."

"இருந்துக்கோங்கன்னு சொன்னார், ஐவர்."

தலையை ஆட்டிக்கொண்டார். கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.