நாலா, அஞ்சா?

மச்சான்,

இன்று காலை நாலு கம்பிக் கிற்றாரின் பெட்டியைத் திறந்தேன். முதலில் வந்தது தையல் மிஷின் எண்ணெயின் மணம். கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கும் என்று நீ எண்ணெய் தொட்டுத் துடைக்கிற துணி, உன் பழைய நீலச் சேட்டிலிருந்து கிழித்தெடுத்த கை, இன்னும் அந்தப் பெட்டியின் மூலையில்தான் கிடக்கிறது. கிற்றாரை எனக்குத் தந்த அன்று அதையும் சேர்த்தே தந்தாய். "வாசிச்சு முடிச்சாத் துடை, சோம்பேறி" என்றாய். நான் துடைத்ததெல்லாம் மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் கம்பி விரலைக் கிழித்தால்தான்.

போன ஞாயிறு உன் முதலாம் ஆண்டு நினைவுக்குக் குறிஞ்சிப்பிட்டிக்கு, உன் வீட்டுக்குப் போனேன். அங்கே நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும். அதற்கு முதல் பதினொரு வருடத்துக்கு முந்திய கதை ஒன்றைச் சொல்லவேண்டும். அது உனக்குத் தெரிந்த கதைதான். இவ்வளவு காலமும் தெரியாதவன் மாதிரி இருந்தது நான்.

நம் பேண்ட் குழுவில் பேஸ் கிற்றார் முதலில் உன்னுடையது. ஓர்கன் வாசித்தவன் வெளிநாடு போனதும் நீ அதற்கு மாறினாய், உன் நாலு கம்பி எனக்கு வந்தது. பிறகு நான் ஆசைப்பட்டு அஞ்சு கம்பி ஒன்று வாங்கினேன். மெதுவாகப் போகிற ஆறுதலான பாட்டுகளுக்கு அஞ்சு, துள்ளாட்டம் போடவைக்கிற பைலாவுக்கு நாலு என்று ஊருக்குச் சொல்லித் திரிந்தேன். பைலாவுக்கு நாலு கம்பியின் மெல்லிய கழுத்து கைக்கு லேசு என்பது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மேடையில் எனக்குப் பக்கத்தில் இரண்டு கிற்றார் நின்றால் எடுப்பாக இருக்கும் என்பதுதான் மீதி. "ஒண்டோட நிண்டா என்ன குறைஞ்சா போயிருவாய்?" என்று கேட்டவன் நீ மட்டும்தான்.

உனக்கு இதெல்லாம் பழைய பாடம். என்றாலும் எழுதிப் பார்த்தால்தான் என் பிழை எனக்கு முழுதாக விளங்குகிறது. அஞ்சு கம்பியில் எல்லாவற்றுக்கும் மேலே, முகத்துக்குக் கிட்ட, தடித்த கம்பி ஒன்று கூடுதலாக இருக்கிறது. அதில் நான் வாசிப்பது குறைவு. கட்டைவிரலை அதன்மேல் சாய்த்துக்கொண்டு அடுத்த கம்பியில்தான் வேலையைத் தொடங்குவேன். நாலில் அந்தத் தடித்த கம்பி கிடையாது, மேலே இருப்பதே வேலைக் கம்பி. அஞ்சில் பழகிய கை நாலுக்கு வந்தால் பழக்கதோஷத்தில் ஒரு கம்பியைத் தாண்டிப்போய் விழும். விரல் சரியான கட்டத்தில் நிற்கும், கம்பிதான் பிழை. பாட்டு ஒரு சுருதியில் போக அடியில் பேஸ் இன்னொன்றில் போகும். கேட்கிறவர்களுக்கு யார் பிழை என்று தெரியாது. ஏதோ ஒன்று நொண்டுவது மட்டும் தெரியும்.

ஒத்திகையில் இரண்டு மூன்று தடவை நான் இப்படி விழுந்ததைப் பார்த்துத்தான் நீ அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தாய். நான் எந்தக் கிற்றாரைத் தூக்கினாலும் ஓர்கனுக்குப் பின்னால் நின்றபடி "நாலா, அஞ்சா?" என்று கேட்பாய். நான் வாய்திறந்து சொல்லவேண்டும். மனதுக்குள் சொன்னால் செல்லாது. "வாய் சொன்னாத்தான் கை கேக்கும்" என்பாய். நான் சொல்வேன், நீ தலையாட்டுவாய், பாட்டுத் தொடங்கும். அந்தக் கேள்வி இருந்த காலம் முழுக்க நான் ஒரு மேடையிலும் பிழைவிடவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி அந்தச் சிலாபத்துக் கல்யாணக் கதைக்கு வருகிறேன். பெரிய தென்னந்தோட்டக்காரரின் ஒரே மகள். காலையில் கோயிலில் பூசை, பகல் மண்டபத்தில் விருந்து. நம் லீடர் பெனடிக்ட் அண்ணனுக்கு அன்று கடும் தடிமன், சளி. மேல் சுருதிக்குத் தொண்டை ஏறவில்லை. விருந்தினர் வந்து இருக்கும்வரை அவர் பாடிய பாட்டுகளுக்கெல்லாம் நீ ஓர்கனின் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திச் சுருதியை இறக்கிக் கொடுத்தாய். நானும் அஞ்சு கம்பியில் இறங்கி வாசித்தேன். மணமக்கள் உள்ளே வரும்போது பாட்டில்லை, அவருடைய ட்ரம்பெட்டில் ஒரு பைலா மெட்டுத்தான். ட்ரம்பெட்டுக்கு அப்படிச் சுருதி இறக்குகிற பட்டன் கிடையாதல்லவா? அதனால் பட்டனைப் பழையபடி திருப்பிப் போட மறக்கவேண்டாம் என்று அவர் உனக்கு இரண்டு தடவை சொன்னார்.

நீ மறக்கவில்லை. திருப்பிப் போட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தாய். நான் அஞ்சை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நாலைத் தூக்கினேன். "நாலா, அஞ்சா?" என்றாய். மேடைக்குக் கீழே நீர்கொழும்பிலிருந்து வந்த இரண்டு வாத்தியக்காரர்கள் நின்று என் கிற்றார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் சின்னப்பிள்ளையிடம் கேட்கிற மாதிரிக் கேட்கிறாயே என்று எனக்குக் கோபம் வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நீ உன்ட பட்டனைப் பாரு."

பெனடிக்ட் அண்ணன் அதைக் கேட்டுத் திரும்பி உன்னைப் பார்த்தார். பிறகு ட்ரம்பெட்டைத் தூக்கினார். கதவு திறந்தது. மணமகள் மணமகனின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. என் கை ஒரு கம்பியைத் தாண்டிப்போய் விழுந்தது.

இரண்டு அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கையை மாற்றுவதற்குள் அடுத்த அடியும் போய்விட்டது. ட்ரம்பெட் தடுமாறி நின்றது. மணமகள் ஒரு கால் முன்வைத்தபடி அப்படியே நின்றாள். வீடியோக்காரன் கமராவை இறக்கினான். சபையில் யாரோ சிரித்தார்கள். பெனடிக்ட் அண்ணன் உன் பக்கம் திரும்பி மைக் முன்னால் கிடப்பதையும் மறந்து "பட்டன்! பட்டனைப் போடு எண்டு எத்தினை தரம் சொன்னேன்?" என்றார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து கிற்றாரின் வயரைச் சரிபார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. நிமிர்ந்தபோது நீ பட்டனுக்கு மேல் விரலைக் கொண்டுபோய் ஒன்றையும் அழுத்தாமல் எடுத்தாய். "ஸொறி, அண்ணன்" என்றாய். மறுபடி தொடங்கினோம். இந்தத் தடவை என் கை சரியான கம்பியில் நின்றது, எல்லாம் ஒழுங்காக வந்தது. பட்டன்தான் பிழை என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? சபை கைதட்டியது.

அந்த மாதம் கற்பிட்டிக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் சீசன் முழுக்க வாசிக்கும் வேலை நமக்குக் கிடைத்திருந்தது. பெனடிக்ட் அண்ணன் உனக்குப் பதிலாக வேறொருவனைப் போட்டார். நான் வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்வோம், சீசன் முடியச் சொல்வோம் என்று என்னையே ஏமாற்றினேன். நீ பாலாவி உப்பளத்து லொறி ஓடப் போனாய். லொறிக்கார ஹாஜியார் நல்ல மனிதர், ஞாயிறு பூசைக்கு ஓர்கன் வாசிக்க உன்னை விட்டுவிடுவார். உப்பில் வெடித்த விரல்களுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு கோயிலில் வாசித்தாய். ஊர் உனக்குப் "பட்டன்" என்று பெயர் வைத்தது. உன் பெயரைச் சொன்னால் தெரியாதவர்களுக்கும் பட்டன் என்றால் தெரியும்.

நீ என்னோடு கோபித்துக்கொண்டு இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நீ கோபிக்கவில்லை. ஃபோன் எடுத்தால் ஹலோ சொல்லமாட்டாய். "நாலா, அஞ்சா?" என்பாய். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிப்பேன். நீ கொஞ்சம் பொறுத்திருந்துவிட்டு வேறு கதைக்குப் போவாய். அந்தக் கொஞ்ச நேரம் எதற்கு என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. இல்லை, பொய் சொல்கிறேன். யோசித்தேன். யோசிக்காதவன் மாதிரி இருக்கப் பழகினேன்.

பாலாவிச் சந்தியில் லொறியை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்தாயாம். சிலாபம் ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேரும்போது உன்னை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். இனி ஒருவருக்கும் தெரியவராது என்று அந்த இடத்தில் ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அதையும் உனக்குச் சொல்லத்தான் வேண்டும். செத்த வீட்டில் பட்டன் கதையை மூன்று பேர் சொல்லக் கேட்டேன். அன்போடுதான் சொன்னார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன ஞாயிறும் அப்படித்தான் தொடங்கியது. பூசை முடிந்து உன் வீட்டு முற்றத்தில் பந்திக்கு இருந்தோம். உன் மகள் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். இப்போது கோயிலில் ஓர்கன் வாசிப்பது அவள்தான், உன் கை அப்படியே வந்திருக்கிறது. பெனடிக்ட் அண்ணன் அவளுடைய வாசிப்பை மெச்சிவிட்டு, "தகப்பனைப் போல பட்டனை மட்டும் மறந்திராத, மகள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கறிச்சட்டியை வைத்துவிட்டு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. எழும்பிக் குசினிக்குப் போனேன். உன் மனைவி அடுப்படியில் நின்றாள். அன்று சிலாபத்தில் பிழைவிட்டது அவரல்ல, நான்தான் என்று சொன்னேன். பதினொரு வருடம் சுமந்தது ஒரு வசனத்தில் முடிந்துவிட்டது. அவள் அழுவாள், ஏசுவாள் என்று நின்றேன். அவள் அகப்பையைக் கழுவி வைத்தாள்.

"தெரியும் அண்ணா. அண்டைக்குப் பின்னேரமே அவர் வந்து சொன்னவர். எனக்குச் சரியான கோவம், போய்ச் சொல்லுங்க எண்டு நிண்டன். 'நான் சொன்னா அவன் கள்ளனாயிருவான். அவனே சொல்லுவான், பொறு' எண்டார்."

பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "உங்கட ஃபோன் வரக்குள்ள எல்லாம், இண்டைக்குச் சொன்னவனா எண்டு நான் கேப்பன். இன்னும் இல்ல எண்டுவார்."

மச்சான், நான் இப்போது உன்னோடு சண்டை பிடிக்கவேண்டும் போல இருக்கிறது. ஒரு தடவை ஏசியிருக்கக் கூடாதா? என் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கக் கூடாதா? இவ்வளவு நம்பிக்கையை ஒருவன்மேல் வைத்தால் அவன் என்ன செய்வான்?

எனக்குச் சொல்லிப் பயனில்லை, முற்றத்தில் போய்ச் சொல்லுங்கள் என்றாள் உன் மனைவி. போனேன். எல்லோருக்கும் முன்னால், ஒன்றும் மறைக்காமல், கை எந்தக் கம்பியில் விழுந்தது என்பதுவரை சொன்னேன். பெனடிக்ட் அண்ணன் எழும்பி வந்து என் தோளைத் தட்டினார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா, செத்தவனுக்காகப் பழியைத் தன்ட தலையில போடுறான். இப்பிடி ஒரு கூட்டாளி ஆருக்குக் கிடைப்பான்?"

ஒருவரும் என்னை நம்பவில்லை, மச்சான். உண்மை, சத்தியம் என்று நான் சொல்லச் சொல்ல அவர்களுடைய பார்வையில் நான் இன்னும் இன்னும் நல்லவனாகிக்கொண்டே போனேன். ஒருவர் எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கம் எனக்கு வந்ததில்லை. உயிரோடு நீ இருந்தபோது ஒரு சொல்லில் முடிந்திருக்கும் வேலை. இப்போது எத்தனை சொன்னாலும் உன் பெயரைத் திருப்பித் தர என்னால் முடியவில்லை.

வெளிக்கிட்டு மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது உன் மகள் படலைவரைக்கும் வந்தாள். குசினிக்குப் பக்கத்து அறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கண் சிவந்திருந்தது. என் முகத்தை நேரே பார்த்து ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அண்டைக்கு உங்கட கையில இருந்தது நாலா, அஞ்சா, மாமா?"

"நாலு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நீ ஓர்கனுக்குப் பின்னால் நின்று ஆட்டுகிற அதே மாதிரி. மன்னித்தேன் என்று சொல்லவில்லை, வீட்டுக்குள் வாருங்கள் என்றும் சொல்லவில்லை. படலையைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

பெனடிக்ட் அண்ணனிடம் நாளைக்கு மறுபடி போகப்போகிறேன், இரண்டு கிற்றாரையும் கொண்டு. அவருக்கு முன்னால் அந்தப் பிழையை அப்படியே வாசித்துக் காட்டுவேன். அவர் காது பொய் சொல்லாது. அதற்காகத்தான் இன்று பெட்டியைத் திறந்தேன், உன் துணியால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். துடைத்து முடித்துக் கிற்றாரைத் தோளில் மாட்டியபோது அறையில் ஒருவரும் இருக்கவில்லை. என்றாலும் வாய்திறந்து "நாலு" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, நீ ஃபோனில் பொறுத்திருக்கும் அவ்வளவு நேரம் நானும் பொறுத்திருந்தேன்.